ஓடைக்கரையில் நான்கு பருவங்கள்



தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஒரு மூங்கிற்கழி, அதன் நுனியில் நூல், வளைந்த முள், முள்ளில் கோத்த மண்புழு, நீரில் மிதக்கும் ஒரு தக்கை. கண்மாய்க் கரையிலும் வாய்க்காற் படித்துறையிலும் சிறுவர்கள் கழியை ஊன்றிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். தக்கை அமிழ்ந்தால் இழுப்பார்கள். மீன் அகப்பட்டால் வீட்டில் குழம்பு மணக்கும். அகப்படாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவார்கள். இம்முறையில் மனிதன் மீனைத் தேடிப் போவதில்லை. மீன்தான் இரையைத் தேடி வந்து சிக்கிக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு தூண்டிற்கலை உண்டு. அதில் புழு இல்லை, தக்கை இல்லை, கழியை ஊன்றிவிட்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை. இறகாலும் நூலாலும் செய்த ஒரு பொய் ஈயை நீரின்மேல் வீழ்த்தி, மெய்யான ஈ என்று மீனை நம்பவைக்கும் கலை அது. 'ஈத்தூண்டில்' என்று நாம் அதனை அழைக்கலாம். அது செழித்து வளர்ந்த இடம் இங்கிலாந்து நாட்டின் ஓடைக்கரைகள்.

'மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கும் மீன் பிடிப்பதற்கும் என்ன தொடர்பு?' என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மாணவனுடைய கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். அந்தக் கவனத்தையே மூலதனமாகக் கொண்ட ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் படித்தபோது, அது எனக்கு ஒரு பாடசாலையாகவே தோன்றியது. அந்தப் பாடசாலையின் சிறப்பையும், அது கற்றுத் தராமல் விட்ட ஒரு பாடத்தையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இறகால் செய்த ஈ

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்ற உரோமானிய எழுத்தாளர், மாசிதோனியாவில் ஓடும் ஆறு ஒன்றில் மக்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டு அச்சான தூண்டில் பற்றிய நூலொன்று பன்னிரண்டு வகை ஈக்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசை நிறத்தை ஒட்டியதன்று, அளவை ஒட்டியதன்று, மாதங்களை ஒட்டியது! மார்ச்சில் இந்த ஈ, மே மாதத்தில் அந்த ஈ என்று அது வகுத்துச் சொல்கிறது. ஆக, ஈத்தூண்டில் தொடக்கம் முதலே ஒரு நாட்காட்டியோடு பிறந்த கலை.

ஈயைச் செய்வதே ஒரு தனி வேலை. சிறு முள்ளின்மேல் பட்டுநூலைச் சுற்றி, முயலின் காதுமயிரால் உடலையும், சேவலின் கழுத்திறகால் கால்களையும் அமைப்பார்கள். நெல்மணியினும் சிறிய ஈக்களும் உண்டு. சால்மன் என்னும் பெருமீனுக்குரிய பகட்டான ஈக்களில், தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் பளபளக்கும் கழுத்திறகுகளைப் பொருத்துவது ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையின் இறகு, கடல் கடந்து ஸ்காட்லாந்து ஆறுகளில் மிதந்திருக்கிறது என்பது வியப்பல்லவா?

இனி ஒரு சிக்கலைப் பாருங்கள். இறகு ஈக்கு எடை என்பதே இல்லை. நம் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போய் விழுகிறது. எடையில்லாத ஈயை இருபது முப்பது அடி தொலைவுக்கு எறிவது எப்படி? விடை எளியது: ஈயை எறிவதில்லை, நூலையே எறிகிறார்கள். தூண்டிற்கயிறு கனமாக அமைக்கப்பட்டிருக்கும். கழியை முன்னும் பின்னும் அசைக்க, கயிறு சாட்டைபோல் காற்றில் நீண்டு விரியும். அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிழை. இழையின் நுனியில் ஈ. பின்னால் சென்ற கயிறு முழுவதும் நீளும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே முன்னே வீச வேண்டும். அவசரப்பட்டவனுடைய கயிறு அவன் காலடியிலேயே குவியலாக விழும். வலிமையால் ஆகாத வேலை இது; பொறுமையால் மட்டுமே ஆகும்.

அமைச்சரின் குடில்

இக்கலையை ஆண்டின் பருவங்களோடு பிணைத்து எழுதியவர்களுள் ஒருவரை நீங்கள் வேறொரு காரணத்தால் அறிந்திருப்பீர்கள். அவர் எட்வர்ட் கிரே. 1905 டிசம்பர் முதல் 1916 டிசம்பர் வரை, பதினோராண்டுக் காலம் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். முதல் உலகப்போர் மூண்டபோது அந்நாட்டின் சார்பில் பேசியவர். கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில் நான் அவரை அந்தப் பக்கத்தில் மட்டுமே சந்தித்திருந்தேன். அவர் 1899-இல் ஈத்தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மீன் பிடிப்பது அவருடைய தொழிலன்று. வருவாய்க்கு அதனை அவர் நம்பியிருக்கவும் இல்லை. வின்செஸ்டர் நகரப் பள்ளியில் படித்தபோது, அவ்வூர் வழியே ஓடும் இட்சன் ஆற்றில் அவர் இதனைக் கற்றார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பில் அக்கறை காட்டாததற்காக 1884-இல் வெளியேற்றப்பட்டார். அதே பல்கலைக்கழகத்துக்கு 1928-இல் வேந்தரானார் என்பது வேறு செய்தி! பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனம் வெதும்பும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1890-இல் இட்சன் ஆற்றங்கரையில் அவர் ஒரு சிறு குடில் அமைத்தார். வாரமெல்லாம் லண்டனில் நாடாளுமன்ற அலுவல். சனிக்கிழமை அதிகாலை வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் சில மணி நேரத்தில் ஆற்றங்கரை. அவரும் மனைவி டாரதியும் அங்கே கண்ட பறவை, மலர், மரம், நீர் ஆகியவற்றை 1894 முதல் 1905 வரை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தனர். எந்தப் பறவை எந்த நாளில் வந்தது, எந்தப் பூ எப்போது மலர்ந்தது என்பனவே அதிலுள்ள செய்திகள். ஒரு குடும்பம் தன் சுற்றுப்புறத்தைப் பற்றி இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருப்பது எவ்வளவு அழகான வழக்கம்! நம் இல்லங்களில் இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும்.

இட்சன் சாதாரண ஆறன்று. அது வெண்சுண்ணக்கல் நிலத்தில் பிறப்பது. அங்கே பெய்யும் மழை பாறையின் நுண்துளைகளில் இறங்கித் தங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக மீண்டும் வெளிவருகிறது. ஆகவே நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஊற்றுக்கண்ணில் அதன் வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். உலகிலுள்ள இத்தகைய ஓடைகளில் 85 விழுக்காட்டளவு இங்கிலாந்தில்தான் உள்ளதாகக் கணக்கிடுகிறார்கள்.

இந்நீரில் வாழ்வது ட்ரவுட் என்னும் புள்ளி மீன். தமிழகத்துக்கும் இம்மீன் இனம் முற்றிலும் புதிதன்று. ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்காக நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டு வளர்க்கப் பலமுறை முயன்று, இறுதியில் வெற்றி கண்டனர். 1907-இல் உதகைக்கு அப்பால் அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் அமைத்தனர்.

வசந்தம்: காத்திருத்தல்

ஏப்ரல் மாதம். நீர் இன்னும் சில்லென்றிருக்கிறது. வில்லோ மரங்களில் துளிர் விட்டிருக்கிறது. காலையில் ஆற்றங்கரைக்கு வந்தவன் உடனே தூண்டிலை வீச மாட்டான். நீரின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஏன் தெரியுமா? இம்முறையில் மீனைக் குறிப்பாகக் கண்ட பின்னரே எறிய வேண்டும். வெறும் நீரில் குருட்டாம்போக்கில் வீசுவது இவர்களுக்கு இழுக்கு.

வெயில் சற்று ஏறும் நண்பகலை ஒட்டி, பழுப்புப் பச்சை நிறமுள்ள சிற்றீக்கள் நீரின் அடியிலிருந்து மேலே வருகின்றன. சிறகு உலரும்வரை சிறு பாய்மரப் படகுகள்போல் நீரில் மிதந்து செல்கின்றன. அப்போது எங்கோ ஒரு மெல்லிய வளையம் நீரில் தோன்றி விரிகிறது. ஒரு மீன் மேலெழுந்து ஓர் ஈயை விழுங்கிவிட்டது! இந்த வளையத்துக்காகத்தான் அவன் காலை முழுதும் காத்திருந்தான்.

இனி மூன்று வினாக்களுக்கு அவன் விடை காண வேண்டும். அந்த மீன் எந்த ஈயைத் தின்கிறது? அதுபோன்ற ஈ தன் பெட்டியில் இருக்கிறதா? மீனின் பார்வையில் படாமல் எப்படி நெருங்குவது? மூன்றாவது வினாவுக்குப் படைப்பிலேயே விடை இருக்கிறது. நீரோட்டம் இரையைக் கொண்டுவருவதால் ட்ரவுட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்தே தலைவைத்து நிற்கும். ஆகவே மனிதன் அதன் பின்புறமாக, கீழ்ப்பாய்ச்சலிலிருந்து மேல்நோக்கி வருவான். ஒளி நீரில் புகும்போது வளைவதால், நீருக்குள்ளிருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னல் வழியாகவே தெரிகிறது. தாழ்வாக இருக்கும் பொருள்கள் அச்சன்னலின் விளிம்பில் நசுங்கி மங்கும். எனவேதான் பெரிய பதவியிலிருக்கும் மனிதரும் அங்கே மண்டியிட்டுத் தவழ்கிறார்! மீனுக்கு முன் அமைச்சரும் ஒன்றுதான், ஆட்டிடையனும் ஒன்றுதான்.

எல்லாம் சரியாக அமைந்து ஈ விழுந்தாலும் வேலை முடியவில்லை. கயிற்றை ஓர் ஓட்டமும் ஈயை வேறோர் ஓட்டமும் இழுத்தால், ஈ நீரின்மேல் சறுக்கிக் கோடு கிழிக்கும். மெய்யான ஈ அப்படிச் செய்யாது. மீன் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஒரு விரற்கடைச் சறுக்கல், ஒரு மணி நேர உழைப்பை வீணாக்கிவிடும்.

மே: ஒருநாள் வாழ்வு

மே மாதக் கடைசியும் ஜூன் முதல் நாட்களும் இவர்களுக்குப் பெருநாள் போன்றவை. அப்போது எழும் ஒரு பெரிய ஈக்கு மாதத்தின் பெயரே பெயர்: மே ஈ. நம் ஊரில் முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அக்காட்சியை ஆற்றின்மேல் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இவ்வீயின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைப்பது. ஆற்றடி வண்டலில் வளை தோண்டி, இரண்டாண்டு வரை அது இளம்புழுவாக வாழ்கிறது. பிறகு ஒருநாள் நீர்ப்பரப்புக்கு வந்து தோலைக் கிழித்துச் சிறகோடு பறக்கிறது. கரையோரப் புல்லில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை தோலுரித்து, பளிங்குபோன்ற சிறகுகளைப் பெறுகிறது. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சியினம் இஃதொன்றே. அதற்கு இரையுண்ணும் வாய் செயற்படுவதில்லை, உண்ணவும் நேரமில்லை. இணைசேர்ந்து, நீரில் முட்டையிட்டு, சிறகு விரித்தபடியே நீரில் வீழ்ந்து மடிகிறது. சிறகுள்ள வாழ்வு ஒன்றிரண்டு நாட்களே. இந்த இனத்துக்கு அறிவியலார் இட்ட பெயரின் பொருளும் 'ஒருநாள் வாழ்வது' என்பதுதான்.

இந்நாட்களில் மீன்கள் தம் எச்சரிக்கையை இழந்து, கண்மூடித்தனமாக உண்கின்றன. கற்றுக்குட்டிக்கும் மீன் அகப்படும். அதனால் அங்குள்ளோர் இந்தப் பதினைந்து நாட்களைக் 'கற்றுக்குட்டிகளின் இருவாரம்' என்று கேலியாக அழைக்கிறார்கள். எளிதாகக் கிடைத்த வெற்றியைத் தன் திறமை என்று எண்ணிவிடாதே என்னும் எச்சரிக்கை அந்தக் கேலியில் ஒளிந்திருக்கிறது. வியாபாரத்தில் முதல் ஆண்டிலேயே இலாபம் கண்ட இளைஞர்களுக்கும் இது பொருந்தும்!

கோடை: அந்தியின் சில மணித்துளிகள்

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிலை தலைகீழாகிறது. நீர் குறைகிறது, தெளிவு மிகுகிறது, மீனின் அச்சமும் மிகுகிறது. பகலெல்லாம் அது நீர்ப்பாசிகளின் நிழலில் அசையாது கிடக்கும். எறிந்தவன் கைதான் சலிக்கும்.

கதிரவன் மறைந்த பின் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பகலில் எழுந்த ஈக்கள் முட்டையிட நீருக்குத் திரும்புகின்றன. நீலச்சாயல் சிறகுடைய ஓர் ஈ அந்தி நேரத்தில் கூட்டமாக எழுகிறது. ஆறு முழுவதும் வளையங்கள் தோன்றுகின்றன. இருட்டுவதற்குள் கிடைப்பது அரை மணி, முக்கால் மணி நேரமே. பகலெல்லாம் காத்திருந்தவன் அந்தச் சிறுபொழுதில் பதற்றமடைந்தால் நூல் சிக்கும், ஈ புல்லில் மாட்டும், முடிச்சு அவிழாது. இருள் வந்துவிடும். பதறாத கை ஒன்றுக்கே அந்தியில் பலன் உண்டு. நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது நம் வீட்டு அடுக்களையில் நிதானமாக வேலை செய்யும் தாய்மார்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இலையுதிர் காலமும் குளிரும்

செப்டம்பரில் புல்வெளிகளில் பனித்துளி. நெடுங்கால்களையுடைய பூச்சிகள் காற்றில் தடுமாறி நீரில் விழுகின்றன. மீன்கள் குளிருக்கு முன் உடல் கொழுக்க உண்கின்றன. சில வாரங்களில் பருவம் முடிகிறது. அதன் பிறகு ட்ரவுட் பிடிக்கத் தடை. ஏனெனில் அது இனப்பெருக்கக் காலம். பெண்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடுகிறது. தூய நீர் கற்களின் இடுக்குகளில் பாய்ந்தால்தான் அம்முட்டைகள் மூச்சுவிடும்.

குளிர்கால இரவுகளில் மீன்பிடிப்பவன் வீட்டில் விளக்கின் கீழ் அமர்ந்து அடுத்த ஆண்டுக்கான ஈக்களைக் கட்டுகிறான். வெளியே மழை பெய்கிறது. அம்மழை வீணன்று. குளிர்காலத்தில் சுண்ணப்பாறைக்குள் இறங்கும் நீர்தான் அடுத்த கோடையில் ஆறாக ஓடப்போகிறது. குளிர்காலம் வறண்டால் கோடையில் ஓடை மெலியும்.

இங்கேதான் இன்றைய கவலை தொடங்குகிறது. ஊர்களின் குடிநீருக்காக அந்தப் பாறைநீர் உறிஞ்சப்படுகிறது. வயல்களின் மண்ணும் உரமும், கழிவுநீரும் ஓடைகளில் கலக்கின்றன. நுண்மண் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிட்டால் மீன் முட்டைக்கும் மூச்சில்லை. ஈயின் முட்டைக்கும் வாழ்வில்லை. தம் இளமையில் கண்ட அளவு ஈக்களை இப்போது காண முடியவில்லை என்று ஆற்றோரம் வாழ்ந்த முதியோர் சொல்கிறார்கள். ஆற்றின் நோயை முதலில் உணர்ந்தவர்களில் ஈத்தூண்டில்காரர்களும் இருந்தார்கள். ஈயை எண்ணிப் பார்ப்பவர்கள் அவர்கள்தாமே! இன்று அவர்களிற் பலர் மாதந்தோறும் ஆற்றடிப் பூச்சிகளை வலையிட்டு எண்ணிப் பதிவு செய்து, தவறு கண்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் தன்னார்வப் பணியில் ஈடுபடுகிறார்கள்.

பிடிப்பதும் விடுவதும்

இவ்விடத்தில் உங்களிற் பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். பிடித்த மீனை என்ன செய்கிறார்கள்? கிரேயின் காலத்தில் பெரும்பாலும் உண்டார்கள். இன்று பலரும் முள்ளைக் கழற்றி மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். மீன்வளம் குறைந்த ஆறுகளில் அது தேவையான கட்டுப்பாடு என்பது அவர்களின் வாதம். 'உண்ணும் நோக்கமே இல்லாமல் ஓர் உயிரை முள்ளில் மாட்டித் துடிக்கவிட்டு விடுவிப்பது எப்படி நியாயமாகும்?' என்பது எதிர்வாதம். சுவிட்சர்லாந்தில், விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதை 2009 முதல் சட்டம் தடுத்திருக்கிறது.

நம்மைப் பொறுத்தவரை நீர்வேட்டை அனுமதிக்கப்பட்டது. மீன் ஆகுமான உணவு. அதே வேளையில், உயிருள்ளதை வெறும் விளையாட்டு இலக்காக ஆக்குவதை நம் மார்க்கம் வெறுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, வீட்டு உணவுக்குத் தேவையானதைப் பிடித்துப் போதுமென்று நிறுத்திக்கொள்பவனின் வழியே நேரானதாக எனக்குப் படுகிறது. துல்லியமான சட்டம் வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டறிக.

அதே மே மாதம்

இதுவரை இக்கலையின் மேன்மையைச் சொன்னேன். இனி, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட, அது கற்றுத் தராத பாடத்துக்கு வருகிறேன்.

1916-ஆம் ஆண்டு. அதே மே மாதம். இங்கிலாந்தின் ஓடைகளில் மே ஈ எழும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாத நடுவில் லண்டனிலிருந்த பிரெஞ்சுத் தூதர் பால் கம்போனுக்கும் வெளியுறவு அமைச்சர் கிரேக்குமிடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன. உதுமானியப் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் இரகசிய உடன்பாட்டை உறுதி செய்த கடிதங்கள் அவை. சைக்ஸ்–பிக்கோ உடன்படிக்கை என்று வரலாறு அதனை அழைக்கிறது. அந்நிலங்களில் வாழ்ந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அதன் விளைவுகள் ஒரு நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எண்ணிப் பாருங்கள்! ஒரு மீன் எந்த ஈயை உண்கிறது என்று அறிய மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கிடந்தவர். ஒரு பறவையின் வருகைநாளை ஆண்டுதோறும் குறித்து வைத்தவர். ஓர் ஓடையின் உயிர்களை இவ்வளவு அன்போடு கவனித்தவர். அவருடைய கையொப்பம் அந்தக் கடிதத்திலும் இருக்கிறது. அவரை வெறும் கொடியவர் என்று தீர்த்துவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. போரை அவர் விரும்பியவரும் அல்லர். இங்கே நாம் காண்பது வேறொன்று. கவனம் ஒரு விளக்கைப் போன்றது. எந்தத் திசையில் திருப்புகிறோமோ அந்தத் திசையில்தான் அது ஒளி தரும். ஓடையில் திருப்பினால் ஓடை துலங்கும். திருப்பப்படாத திசையில் மக்கள் கூட்டங்களே வாழ்ந்தாலும் அவர்கள் இருளில்தான் இருப்பார்கள். வரைபடத்தில் வெறும் கோடுகளாக மட்டுமே தெரிவார்கள்.

கண்மங்கிய பிறகு

அந்த மனிதரின் பிற்கால வாழ்வு துயரம் நிறைந்தது. அமைச்சரான சில வாரங்களில், 1906 பிப்ரவரியில், மனைவி டாரதி வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தார். 1914-இல், போர் தொடங்கிய அதே ஆண்டில், பார்வை மங்கி வருவதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 1917-இல் ஃபாலோடனிலிருந்த பூர்வீக வீடு தீக்கிரையானது. 1923-இல் ஆற்றங்கரைக் குடிலும் எரிந்து போனது.

நீரில் மிதக்கும் சிற்றீ அவர் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பார்வையை நம்பிய அந்தக் கலையை அவர் கைவிட நேர்ந்தது. பார்க்காமலே கைக்குத் தட்டுப்படும் சால்மன் மீன்பிடிப்பே அவருக்கு எஞ்சியது. ஆனால் பல்லாண்டுப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை. கண் விட்ட இடத்தில் காது தொடங்கியது. பறவைகளை அவற்றின் குரலாலேயே இனங்கண்டு, 1927-இல் பறவைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1933-இல் மறைந்தார்.

வாசகர்களே! நம் பிள்ளைகளுக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுப்போம். அதற்கு இங்கிலாந்து ஓடை தேவையில்லை. வீட்டு முற்றத்து முருங்கையில் எந்த மாதம் பூ வருகிறது, கண்மாய்க்கு எந்த வாரம் நாரை வருகிறது, ஈசல் எந்த மழைக்குப் பின் எழுகிறது என்று எழுதி வைக்கச் சொல்வோம். இறைவனின் படைப்பைக் கூர்ந்து நோக்கும் கண் ஒரு நாளில் வாய்ப்பதில்லை. அதற்குப் பல பருவங்கள் வேண்டும்.

அதோடு நின்றுவிடவும் வேண்டாம். அதே கண்ணை அடுத்த வீட்டின் பக்கமும், நம் கடையில் கைகட்டி நிற்கும் வேலைக்காரரின் பக்கமும், நாம் ஒரு கையொப்பமிடும்போது அதனால் பாதிக்கப்படப்போகும் முகமறியாத மனிதரின் பக்கமும் திருப்பக் கற்றுக்கொடுப்போம். ஈயின் சிறகைப் பார்த்தவனுக்கு மனிதரின் முகத்தைப் பார்ப்பது தானாக வந்துவிடாது. அதையும் தனியே, முயன்று, கற்கத்தான் வேண்டும்.